சூத்திரமும் உரையும்: பொருளியல், முகாமைத்துவ மாணவர்க்குக் கணிதம் கற்பித்தல் பற்றிய ஒரு நோக்கு

இலங்கையிற் பல்கலைக்கழகம் புகும் மாணவர் ஒவ்வொருவரும் ஓர் எண்ணைச் சுமந்து வருகின்றனர். இசட் புள்ளி எனப்படும் அவ்வெண்ணை நான்கு தசம தானங்கள்வரை அவர்கள் மனத்திற் பதித்து வைத்திருப்பர். எவர் எப்பீடத்துக்கு அனுமதி பெறுவர் என்பதை இரண்டு தசாப்தங்களுக்கு மேலாக நிருணயித்து வருவது அதுவேயாகும். ஆயினும் அவ்வெண் எதனை அளக்கின்றது என வினவின், தயக்கமின்றி விடை கூறவல்லோர் கலைப்பீடத்திலும் முகாமைத்துவ பீடத்திலும் மிகச் சிலரே. ஒருவர் ஒரு பாடத்திற் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றியோரின் இடையைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுக்க வேண்டும். மூன்று பாடங்களுக்கும் அவ்வாறு பெற்றவற்றின் சராசரியே அவ்வெண். 2011 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தின் கீழும் புதிய பாடத்திட்டத்தின் கீழும் தோற்றியோரை ஒரே தொகுதியாகக் கொண்டு கணித்தமை பற்றிய வழக்கு 2012 இல் உயர் நீதிமன்றம்வரை சென்றது. எத்தொகுதியின் இடை, எத்தொகுதியின் நியம விலகல் என்னும் வினாவே அவ்வழக்கின் அடியில் இருந்தது. ஆயிரக்கணக்கான இளைஞரின் எதிர்காலம் ஒரு கணித வினாவைத் தொட்டு நின்ற வேளையில், அவ்விளைஞருட் பலருக்கு அவ்வினாவே விளங்கவில்லை.

பல்கலைக்கழகத்துட் புகுந்தபின் இந்நிலை மாறுகின்றதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. பொருளியல், வணிகவியல், முகாமைத்துவம் ஆகியவற்றைப் பயில்வோர்க்கு முதலிரு ஆண்டுகளிற் கணிதமும் புள்ளிவிபரவியலும் கற்பிக்கப்படுகின்றன. வகையீடு, தாயங்கள், துணிகோவை, உயர்வு இழிவு காணல், ஏகபரிமாணத் திட்டமிடல் என அப்பாடத்திட்டம் விரிந்து செல்கின்றது. பரீட்சை முடிந்து ஓராண்டு கழிந்தபின், அவற்றுள் எஞ்சுவது யாது? சில சூத்திரங்களின் நிழலும் கணிதம் பற்றிய ஓர் அச்சமுமே பெரும்பாலும் எஞ்சுகின்றன. இதற்கு மாணவரின் சோம்பலைக் காரணங்காட்டுவது எளிது. கற்பிக்கும் முறையின் குறையே முதன்மையான காரணம் என்பதை அம்முறையின் வரலாறும், அது தோன்றக் காரணமான நூல்களும், வகுப்பறையில் அது செயற்படும் விதமும் காட்டுகின்றன.

1. வகுப்பறையில் அமர்ந்திருப்போர்

சாதாரண தரத்திற் கணிதம் கட்டாய பாடம். உயர்தரத்திற் கலைப்பிரிவையோ வணிகப்பிரிவையோ தெரிந்தெடுப்போர் பலர் அத்துடன் கணிதத்துக்கு விடைகொடுத்து விடுகின்றனர். இணைந்த கணிதம் பயின்றோர் பெரும்பாலும் பொறியியல், பௌதிக விஞ்ஞானம் முதலிய துறைகளை நாடுவர். ஆகவே பொருளியல் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர் இருபடிச் சமன்பாட்டையும் கேத்திரகணிதத்தையும் கண்டவர். எல்லை என்னும் கருத்தையும் பெறுதியையும் காணாதவர். இடையில் இரண்டு மூன்று ஆண்டுகள் கணித நூலைத் தொடாதவர் என்பதும் குறிப்பிடத்தக்கது. முகாமைத்துவ பீடங்கள் பலவற்றில் ஆங்கிலமே போதனாமொழியாக இருத்தலின், அங்கு புகும் தமிழ்மொழி மூல மாணவர் புதிய பாடத்தையும் புதிய மொழியையும் ஒருங்கே எதிர்கொள்கின்றனர்.

இத்தகையோர்க்குக் கணிதம் கற்பிப்போர் பொதுவாக இருவழிகளுள் ஒன்றைக் கைக்கொள்கின்றனர். முதலாவது, கணிதத்துறையில் விஞ்ஞான மாணவர்க்கு நடத்தும் பாடத்தையே குறுக்கித் தருவது. தேற்றங்கள் இருக்கும், நிறுவல்கள் நேரமின்மையால் விடுபடும், பொருளியற் பயன்பாடு இறுதி வாரத்துக்கு ஒதுக்கப்பட்டு, அவ்வாரம் வருமுன் தவணை முடிந்துவிடும். இரண்டாவது, சமையற் குறிப்புப் போலப் படிமுறைகளைத் தருவது. வகையிடுக, பூச்சியத்துக்குச் சமப்படுத்துக, தீர்க்க, இரண்டாம் பெறுதியின் குறியை நோக்குக என்னும் வாய்ப்பாடு மனனம் செய்யப்படும். முதல்வழியிற் பயிலும் மாணவர் கணிதம் தமக்குரியதன்று என்று முடிவுசெய்கின்றனர். இரண்டாம் வழியிற் பயில்வோர் கணிதம் தமக்கு வந்துவிட்டது என்று நம்புகின்றனர். இவற்றுள் இரண்டாவதே அதிக கேடு விளைப்பது எனலாம். அறியாமையை அறிந்தவர் பின்னர் கேட்டறியக்கூடும், அறிந்துவிட்டதாக எண்ணுபவர் கேட்கமாட்டார்.

2. எரிக்கச் சொன்னவரும் ஏற்கச் சொன்னவரும்

பொருளியலுட் கணிதம் எவ்வாறு புகுந்தது என்பதை நோக்குதல் இவ்விடத்துப் பயன் தரும். கணிதப் பேராசிரியராக விளங்கிய பிரான்சியரான கூர்னோ 1838 இல் செல்வக் கோட்பாட்டின் கணிதத் தத்துவங்களை ஆராயும் நூலொன்றை வெளியிட்டார். விலைக்கும் விற்பனையாகும் அளவுக்கும் உள்ள தொடர்பை ஒரு சார்பாகக் கொண்டு, தனியுரிமையாளர் தம் வருமானத்தை உயர்வாக்கும் விலையை எவ்வாறு தெரிவர் என அவர் காட்டினார். அந்நூல் வெளிவந்த காலத்திற் கவனிப்பாரற்றுக் கிடந்தது. மனந்தளர்ந்த நிலையிலும் முயற்சியைக் கைவிடாத கூர்னோ 1863 இல் அதே பொருளைச் சமன்பாடுகள் இன்றி மீண்டும் எழுதினார். ஆயினும் பின்வந்த ஜெவன்ஸ், வல்ரா முதலியோரின் கவனத்தை ஈர்த்துப் பொருளியல் வரலாற்றில் நிலைபெற்றது கணிதம் நிறைந்த முதல் நூலே.

இங்கிலாந்தில் அல்பிரட் மார்ஷல் வேறொரு போக்கை மேற்கொண்டார். கேம்பிறிட்ஜிற் கணிதம் பயின்று 1865 இல் இரண்டாம் இடத்திற் சித்தியெய்திய அவர், 1890 இல் வெளிவந்த தமது பொருளியல் நூலில் வரைபடங்களை அடிக்குறிப்புகளிலும் சமன்பாடுகளைப் பின்னிணைப்பிலும் ஒதுக்கினார். 1906 இற் பௌலி என்பார்க்கு எழுதிய கடிதத்தில், கணிதத்தை ஒரு சுருக்கெழுத்தாக மாத்திரம் கொண்டு, பெற்ற முடிபை ஆங்கிலத்திற் பெயர்த்து, வாழ்விலிருந்து எடுத்துக்காட்டுகள் தந்தபின் கணிதத்தை எரித்துவிடுமாறு அறிவுரை கூறினார். எடுத்துக்காட்டுக் கிட்டாவிடின் முடிபையே எரித்துவிட வேண்டும் என்பது அவர்தம் கருத்து. இதற்கு நேர்மாறாக நின்றவர் போல் சாமுவெல்சன். 1947 இல் வெளிவந்த தமது பொருளியற் பகுப்பாய்வு நூலில், எளிய கணிதக் கருத்துகளைச் சொற்களால் வளைத்து வளைத்துக் கூறுவது வீண் உழைப்பு என வாதிட்டார். கணிதத்தை ஒரு மொழியாகக் கொண்ட விஞ்ஞானி கிப்ஸின் கருத்தை நூலின் முகப்பிலேயே பொறித்தார்.

இவ்விருவரது முரண்பாடு ஆய்வாளர்க்கிடையிலான முரண்பாடாகும். மார்ஷலின் அறிவுரை கணிதத்தைக் கரைத்துக் குடித்தவரிடமிருந்து பிறிதொரு வல்லுநர்க்குச் சென்றது. கணிதமறியா மாணவரிடத்தில் எரிப்பதற்கு எதுவுமில்லை. சாமுவெல்சனின் கூற்றும் அம்மொழியை முன்னரே அறிந்தோர்க்கே பொருந்தும். ஆயினும் இருவர் கூற்றிலிருந்தும் கற்பிப்போர் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. கணிதம் ஒரு மொழியாயின், மொழியைக் கற்பிப்பதுபோலவே அதனையும் கற்பித்தல் வேண்டும். அம்மொழியிற் கூறியதைத் தம் சொந்த மொழியிலும் கூறவல்லவராக மாணவர் ஆதல் வேண்டும். மார்ஷல் கேட்ட மொழிபெயர்ப்பையும் எடுத்துக்காட்டையும் கற்றலின் இறுதியில் வைக்காது, கற்றலின் நடுவில் வைப்பதே பொருத்தமானது.

3. இரு பாடநூல்கள்

நம் பல்கலைக்கழக நூலகங்களிலும் அறியப்பட்ட இரு பாடநூல்களை இந்நோக்கில் ஒப்பிடலாம். 1938 இல் வெளிவந்த ஆர். ஜீ. டீ. அலனின் நூல் எண், சார்பு, வரைபு, எல்லை, பெறுதி எனக் கணிதத்தின் ஒழுங்கிலேயே செல்கின்றது. ஒவ்வோர் அத்தியாயத்திலும் கணிதம் முதலில் வருகின்றது. கேள்வி, செலவு, வருமானம் முதலியன அதன் பின் பயன்பாடுகளாகத் தொடர்கின்றன. நேர்மையான, ஒழுங்கான நூல். எனினும் எதற்காக இதனைக் கற்கின்றோம் என்னும் மாணவரது வினா ஒவ்வோர் அத்தியாயத்திலும் நெடுநேரம் காத்திருக்க வேண்டியுள்ளது.

1967 இல் வெளிவந்த அல்பா சியாங்கின் நூல் இவ்வொழுங்கைத் தலைகீழாக்கியது. நிலையியற் சமநிலை, ஒப்பீட்டு நிலையியல், உத்தமப்படுத்தல், இயக்கவியல் எனப் பொருளியலாரின் வினாக்களே அந்நூலின் பெரும் பிரிவுகள். சந்தை சமநிலை எய்துவது எவ்விலையில் என்னும் வினாவுக்குத் தாயம் வருகின்றது. வரி உயர்ந்தால் அச்சமநிலை எத்திசையில் நகரும் என்னும் வினாவுக்குப் பெறுதி வருகின்றது. ஒவ்வொரு கருவியும் தன் வேலையோடு அறிமுகமாவதே இந்நூலின் சிறப்பு. அதன் குறை வேறிடத்தில் உள்ளது. அதில் வரும் பயிற்சிகளிற் பெரும்பாலானவற்றில் சார்பு முன்னரே தரப்பட்டுவிடுகின்றது. கிராமத்துச் சந்தையையோ ஒரு தொழிற்சாலையையோ நோக்கி, எது மாறி, எது மாறிலி, எதனை எதன் சார்பாகக் கொள்ளலாம் என முடிவுசெய்யும் முதற்படி மாணவரிடம் கேட்கப்படுவதில்லை. பொருளியலாரின் உண்மையான வேலை அம்முதற்படியிலேயே தொடங்குகின்றது என்பதை மறத்தலாகாது.

நம் வகுப்பறைகள் பெரும்பாலும் சியாங்கின் பயிற்சிகளை எடுத்துக்கொண்டு அலனின் ஒழுங்கிற் கற்பிக்கின்றன. இரண்டின் நன்மையும் நழுவி, இரண்டின் குறையும் நின்றுவிடுகின்றது.

4. நீரூற்றுக்குச் சொந்தக்காரர்

கூர்னோவின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்றைக்கொண்டே இதனை விளக்கலாம். வேறெங்கும் கிடைக்காத மருத்துவக் குணமுடைய நீரூற்று ஒன்று ஒருவருக்குச் சொந்தம். நீரை எடுப்பதற்குச் செலவில்லை. எவ்விலையில் விற்றால் வருமானம் உயர்வாகும்? எண்களைப் பொருத்தி நோக்குவோம். இலவசமாகக் கொடுப்பின் நாளொன்றுக்கு 100 போத்தல் செல்லும். விலை ஒரு ரூபா உயருந்தோறும் 2 போத்தல் குறையும். விலை 24 ரூபாவாயின் 52 போத்தல் விற்று 1248 ரூபா கிடைக்கும். 25 ரூபாவாயின் 50 போத்தல், 1250 ரூபா. 26 ரூபாவாயின் 48 போத்தல், மீண்டும் 1248 ரூபா. வகையீடு அறியாதவரும் 25 ரூபாவே உச்சம் எனக் காண்பர். வருமானச் சார்பை வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினாலும் 25 ரூபாவே கிடைக்கும். அவ்விலையிற் கேள்வியின் நெகிழ்ச்சி சரியாக ஒன்றாதலையும் காணலாம். கூர்னோ கண்ட முடிபு இதுவே. இவ்வளவும் விடைத்தாளில் எழுதும் மாணவர் முழுப்புள்ளி பெறுவர்.

இனி வினாவிற் சிறிய மாற்றமொன்றைச் செய்வோம். அவ்வூற்று நாளொன்றுக்கு 40 போத்தல் நீரே தருகின்றது எனக் கொள்க. வாய்ப்பாட்டை மனனம் செய்தவர் மீண்டும் வகையிட்டு, மீண்டும் 25 ரூபா என்பர். அவ்விலையில் 50 போத்தல் கேட்கப்படும், இருப்பதோ 40. பத்துப் போத்தலுக்குரியோர் வெறுங்கையுடன் திரும்ப, உடைமையாளர் 1000 ரூபாவே பெறுவர். விலையை 30 ரூபாவாக்கின் 40 போத்தலும் விற்று 1200 ரூபா பெறலாம். 29 ரூபாவில் 1160 ரூபாவும் 31 ரூபாவில் 1178 ரூபாவுமே கிடைக்குமாதலின் 30 ரூபாவே சிறந்த விலை. ஆனால் அவ்விடத்திற் பெறுதி பூச்சியமன்று. அப்புள்ளிவரை வருமானக்கோடு மேல்நோக்கிச் சென்று, அப்புள்ளியில் முறிந்து, கீழ்நோக்கித் திரும்புகின்றது. வழுவழுப்பான வளையியின் உச்சியிலேதான் பெறுதி பூச்சியமாகும் என்னும் நிபந்தனை வகுப்பிற் கூறப்பட்டிருக்கலாம். பரீட்சையில் அது கேட்கப்படாமையால் மாணவர் மனத்தில் அது தங்கவில்லை.

நம் நாட்டில் நீர், எரிபொருள், அந்நியச் செலாவணி, நிலம் யாவும் அளவுக்குட்பட்டவை. முகாமையாளர் நாள்தோறும் காணும் வினாக்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. பரீட்சை வினாக்களோ முதல் வகையைச் சேர்ந்தவை. வினாத்தாள் எதனைக் கேட்கின்றதோ அதனையே வகுப்பறையும் கற்பிக்கும் என்பதால், சீர்திருத்தம் வினாத்தாளிலிருந்து தொடங்க வேண்டியதாகின்றது.

5. எல்லை என்னும் சொல்

இவ்வூற்றே இன்னோர் உண்மையையும் காட்டுகின்றது. 40 போத்தலுக்குப் பதிலாக 41 போத்தல் கிடைக்குமாயின் விலையை 29 ரூபா 50 சதமாக்கி 1209 ரூபா 50 சதம் பெறலாம். ஆகவே மேலதிகமான ஒரு போத்தலின் பெறுமதி 9 ரூபா 50 சதம். பொருளியல் விரிவுரையில் எல்லை வருமானம் என்பதற்கு மேலதிக ஓர் அலகினாற் கிடைக்கும் வருமானம் என வரைவிலக்கணம் கூறப்படுகின்றது. அதன்படி விடை 9.50. கணித விரிவுரையில் எல்லை வருமானம் என்பது மொத்த வருமானத்தின் பெறுதி எனக் கூறப்படுகின்றது. விற்கும் அளவு சார்பாக வகையிட்டால் விடை 10. எது சரி? இவ்வினா எழும் மாணவர் பலர் அதனை இரு விரிவுரையாளரிடமும் கேளாது, அந்தந்தப் பரீட்சைக்கு அந்தந்த விடையை எழுதித் தப்பித்துக்கொள்கின்றனர்.

கேட்பின் விடை எளிது. முழுப் போத்தலுக்குப் பதிலாக அரைப் போத்தல் அதிகரிப்பின் வருமானம் போத்தலுக்கு 9.75 ரூபா வீதத்தில் உயர்கின்றது. காற்போத்தல் அதிகரிப்பின் 9.875 ரூபா வீதத்தில் உயர்கின்றது. அதிகரிப்பைச் சிறிதாக்கிக்கொண்டே செல்ல, அவ்வீதம் 10 ஐ நெருங்குகின்றது. அந்த 10 ஐயே கணிதம் எல்லை என்கின்றது. அதனையே பொருளியல் எல்லை வருமானம் என்கின்றது.

ஆங்கிலத்தில் இவ்விரு கருத்துக்கும் தொடர்பற்ற இரு சொற்கள் உள்ளன. தமிழகத்துப் பொருளியல் நூல்கள் இறுதிநிலை என்னும் சொல்லை ஆள்கின்றன. இலங்கையிலோ எல்லைச் செலவு, எல்லை வருமானம், எல்லைப் பயன்பாடு எனப் பொருளியலிலும், எல்லை எனக் கணிதத்திலும் ஒரே சொல் வழங்குகின்றது. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் வெளியிட்ட சொற்றொகுதிகளாலும், அவற்றைப் பின்பற்றி எழுந்த பாடநூல்களாலும் நிலைபெற்ற வழக்குகளை நாம் பெற்றுள்ளோம். இப்பொருத்தம் கருதிச் செய்யப்பட்டதோ தற்செயலாய் அமைந்ததோ, தமிழ்மொழி மூல மாணவர்க்குக் கிடைத்த ஒரு கொடை அது. ஆங்கில மொழி மூல மாணவர்க்கு விளக்கிக் காட்டவேண்டிய தொடர்பு நம் மாணவர்க்குச் சொல்லிலேயே உள்ளது. ஆயினும் கணித வகுப்பும் பொருளியல் வகுப்பும் தனித்தனியே நடைபெறுவதால் அக்கொடை பயன்படுத்தப்படுவதில்லை.

சொல்லொற்றுமை எப்போதும் நன்மை பயக்கும் என்பதற்கில்லை. வரைபடத்தில் அச்சுகள் சந்திக்கும் புள்ளியைப் பாடசாலைக் கணிதம் உற்பத்தி என்கின்றது. பொருளியலில் உற்பத்தி வேறு. உற்பத்திச் சார்பின் வரைபு உற்பத்தியினூடாகச் செல்கின்றது என்னும் வாக்கியம் புதிய மாணவரைத் திகைக்க வைக்கும். எச்சொல் எங்கே ஒரே கருத்தைக் குறிக்கின்றது, எங்கே வேறு கருத்தைக் குறிக்கின்றது என எடுத்துரைத்தல் ஆசிரியரது கடமையாகும். போதனாமொழி ஆங்கிலமாயிருக்கும் இடத்தும் மாணவர் சிந்திப்பது தமிழிலே. ஆதலின் இக்கடமை அங்கும் நீங்காது.

6. வெளியுலகிற் கணிதம்

கணிதக் கல்வியின் குறைபாடு பரீட்சை மண்டபத்துடன் முடிந்துவிடுவதன்று. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் ஆண்டுக்கு 69.8 வீதமாயிருந்தது. 2023 செப்டெம்பரில் அது 1.3 வீதமாகக் குறைந்தது. பணவீக்கம் வீழ்ந்தது என்ற செய்தியைக் கேட்ட பொதுமக்கள் கடைக்குச் சென்று, விலைகள் குறையாமை கண்டு, செய்தி பொய் என்றனர். சிலர் இதனையே விலை வீழ்ச்சி எனப் பேசவும் செய்தனர். 2021 இல் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருட்தொகுதி 2022 இல் ஏறத்தாழ 170 ரூபாவாகி, 2023 இல் ஏறத்தாழ 172 ரூபாவாயிற்று. உயரும் வேகம் குறைந்தது, உயரம் குறையவில்லை. சார்புக்கும் அதன் மாற்றவீதத்துக்குமுள்ள வேறுபாடு இதுவே. வகையீட்டை ஓராண்டு பயின்ற பட்டதாரியும் இவ்வேறுபாட்டைத் தம் வீட்டாருக்கு எடுத்துரைக்க இயலாது நின்றாராயின், அவர் பயின்றது வகையீட்டின் குறியீடுகளை மாத்திரமே.

இன்னோர் எடுத்துக்காட்டு வட மாகாணத்துக் கிராமங்களிலும் நாட்டின் ஏனைய வறண்ட பிரதேசங்களிலும் காணப்படுவது. 60,000 ரூபா நுண்கடன் ஒன்று ஆண்டுக்கு 24 வீத வட்டியில், 12 மாதத் தவணைகளில் வழங்கப்படுகின்றது எனக் கொள்க. முழுத் தொகைக்கும் முழு ஆண்டுக்கும் வட்டி கணித்து 14,400 ரூபா சேர்க்கப்படும். மாதத் தவணை 6,200 ரூபா. ஆனால் கடன்பெற்றவர் முழுத் தொகையையும் ஆண்டு முழுவதும் வைத்திருப்பதில்லை. மாதந்தோறும் முதலில் 5,000 ரூபா குறைந்து செல்கின்றது. இறுதி மாதத்தில் அவர் கையில் எஞ்சியிருக்கும் முதல் 5,000 ரூபா. அம்மாதத்துக்கும் அவர் செலுத்தும் வட்டி 1,200 ரூபா. குறைந்து செல்லும் நிலுவையின் மீது கணிப்பின், இக்கடனின் வட்டிவீதம் மாதத்துக்கு ஏறத்தாழ 3.5, ஆண்டுக்கு ஏறத்தாழ 42 வீதமாகும். இதனைக் கண்டறிய வேண்டிய கருவி பெருக்கல் விருத்தியின் கூட்டுத்தொகைச் சூத்திரமே. அதனை முகாமைத்துவ மாணவர் யாவரும் முதலாம் ஆண்டிற் பயில்கின்றனர்.

நுண்கடன் சுமை 2018 இல் அரசே வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு வளர்ந்தது. கடன் வழங்கும் நிறுவனங்களில் அலுவலராகப் பணிபுரிவோரும் நம் பல்கலைக்கழகங்களின் பட்டதாரிகளே. கடன் பெற்றோரின் பிள்ளைகளும் அதே வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். சூத்திரத்தை மனனம் செய்து சித்தியெய்திய மாணவர், தம் தாயார் கையெழுத்திட்ட கடன் பத்திரத்தை அச்சூத்திரத்தால் வாசிக்க இயலாராயின், அக்கல்வியால் விளைந்த பயன் யாது?

7. மறுப்புகள் சில

இவ்வாறு கற்பித்தல் இயலாது என்போர் உளர். வகுப்பில் நூற்றுக்கணக்கானோர், தவணையோ சில வாரங்கள், எடுத்துக்காட்டுகளில் நேரத்தைச் செலவிட்டால் பாடத்திட்டம் முடியாது என்பர். இது நியாயமான இடர்ப்பாடே. ஆயினும் முடிக்கப்பட்ட பாடத்திட்டத்தில் மாணவரிடம் எஞ்சுவது எவ்வளவு என்பதையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும். பன்னிரண்டு தலைப்புகளை முடித்து மூன்றை எஞ்சவைப்பதிலும், எட்டுத் தலைப்புகளை ஊன்றிக் கற்பித்து ஆறை எஞ்சவைப்பது மேலானது. எதனை விடுவது என்பதில் அறிஞர் வேறுபடலாம். மூன்றுக்கு மூன்று துணிகோவைகளைக் கையால் விரித்துக் கணிக்கும் பயிற்சியை இன்று கணனி நொடியிற் செய்துவிடும். சமன்பாடுகளுக்குத் தீர்வே இல்லாத நிலை சந்தையைப் பற்றி எதனைக் கூறுகின்றது என்பதைக் கணனி கூறாது.

கணிதம் பொருளியலை மனிதரிடமிருந்து பிரித்துவிட்டது. வறுமையையும் சாதியையும் நிலவுடைமையையும் சமன்பாட்டிலிட இயலாது. ஆதலின் கலைப்பீட மாணவர்க்குக் கணிதமே வேண்டா என்போர் மற்றொரு சாரார். இவர்தம் கவலை வெறுமையானதன்று. எளிமையான எடுகோள்களின்மீது எழுப்பிய முடிபுகள் உறுதியான உண்மைகளாக வேடமிடுவதைப் பொருளியல் இலக்கியத்தில் எங்கும் காணலாம். ஆயினும் எடுகோள் எங்கே ஒளிந்துள்ளது என்பதைக் காட்டவல்லவர் அச்சமன்பாட்டை வாசிக்கவல்லவரே. நீரூற்று எடுத்துக்காட்டில், விலை உயர உயரக் கேள்வி நேர்கோட்டிற் குறையும் என்பது ஓர் எடுகோள். நோயாளிக்கு மருந்தாகும் நீராயின் அவ்வாறு குறையுமா? செலவில்லை என்பதும் எடுகோள். ஊற்று அவருக்கே சொந்தம் என்பதும் எடுகோள். அது ஊரார்க்கு எவ்வாறு இல்லாமற் போயிற்று என்னும் வினாவைச் சமன்பாடு எழுப்பாது. அதனை வாசிக்கும் மாணவர் எழுப்பலாம். கணிதத்தைக் கைவிடுவோர் அவ்வினாவை எழுப்பும் இடத்தையும் பிறரிடம் விட்டுவிடுகின்றனர். திட்டங்களும் மதிப்பீடுகளும் எண்களாலேயே எழுதப்படும் நாட்டில், எண்களை வாசிக்கவியலாத கலைப்பட்டதாரி தம் மக்களின் சார்பில் வாதிடும் தகுதியை முன்கூட்டியே இழந்தவராவர்.

8. உரை வேண்டும்

நம் மரபிற் சூத்திரம் என்னும் சொல் இலக்கண நூற்பாவையும் குறிக்கும். இன்றைய பாடசாலையிற் கணித வாய்பாட்டையும் குறிக்கும். நன்னூலைப் பயின்றோர் சூத்திரம் மாத்திரம் மனனம் செய்தவரைப் புலவர் எனக் கொண்டதில்லை. சூத்திரம் சுருங்கியது, அதனை விரிக்க உரை வேண்டும் என்பதை நன்னூலே வகுத்துரைக்கின்றது. கருத்துரைத்தல், பதப்பொருள் கூறல், எடுத்துக்காட்டுத் தருதல், வினாவும் விடையும் அமைத்தல் ஆகியன காண்டிகையுரையின் உறுப்புகள். ஆறுமுக நாவலர் நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதியதும் மாணவர் பொருட்டேயாம்.

பொருளியல் மாணவர்க்குக் கற்பிக்கப்படும் ஒவ்வொரு கணிதச் சூத்திரத்துக்கும் இத்தகைய உரை வேண்டும். எவ்வினாவுக்கு விடைகாண இது தோன்றிற்று என்பது கருத்து. ஒவ்வொரு குறியீடும் உலகில் எதனைக் குறிக்கின்றது, எவ்வலகில் அளக்கப்படுகின்றது என்பது பதப்பொருள். சூத்திரம் பொருந்தும் இடம் ஒன்றும் பொருந்தாத இடம் ஒன்றுமாக இரண்டு எடுத்துக்காட்டுகள் தேவை. பொருந்தாத இடத்தைக் காட்டாத எடுத்துக்காட்டு அரைகுறையானது என்பதை 40 போத்தல் ஊற்றுக் காட்டிற்று. வினாவிடை என்பது பரீட்சை. கணித்த விடையைச் சாதாரண மொழியில் ஒரு பந்தியில் எழுதுமாறு கேட்கும் ஒரு பகுதியேனும் ஒவ்வொரு வினாத்தாளிலும் இடம்பெறுமாயின், வகுப்பறை தானாகவே மாறத் தொடங்கும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கணித விரிவுரையாளரும் பொருளியல் விரிவுரையாளரும் தவணை தொடங்குமுன் ஒருமுறை ஒன்றாக அமர்ந்து, எல்லை என்னும் சொல்லை இருவரும் எப்பொருளில் ஆள்கின்றனர் எனப் பேசினாலே முதற்படி கடந்ததாகும்.

மாணவரும் தம் பங்கை ஆற்றுதல் வேண்டும். விடை வந்தவுடன் பேனாவை வைத்துவிடாது, இவ்விடை ஊற்றிலுள்ள நீரைவிட அதிகமான நீரைக் கேட்கின்றதா என ஒருமுறை நோக்கும் பழக்கம் அவர்களிடம் வளர வேண்டும். அப்பழக்கம் வளர்ந்த மாணவர் பிறிதொரு நாள் ஒரு கடன் பத்திரத்தை வாசிப்பார். பணவீக்கச் செய்தியை அண்டை வீட்டாருக்கு விளக்குவார். தம்மைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்த இசட் புள்ளி எத்தொகுதியின் இடையிலிருந்து கணிக்கப்பட்டது என்றும் கேட்பார். அவ்வாறு கேட்கவல்ல மாணவரை உருவாக்குவதே கணித வகுப்பின் கடனாகும்.